நியம சி மொழியும் தொகுப்பானின் மேலதிக வசதிகளும்

மாணவர்களே! வீட்டில் டேர்போ சி தொகுப்பானில் எழுதி, பிழையின்றி இயங்கிய உங்கள் செய்நிரலைப் பாடசாலையில் உள்ள லினக்ஸ் கணினியில் தொகுக்க முயல்கிறீர்கள் எனக் கொள்வோம். ‘கோனியோ’ என்ற தலைப்புக் கோப்பு இல்லை எனப் பிழைச்செய்தி வருகிறது. இது ஏன்?

சி மொழிக்கான முதலாவது நியமம் 1989இல் அமெரிக்காவில் வெளியானது. 1990இல் அது சர்வதேச நியமமாகியது. கோனியோ அந்நியமத்தில் இல்லை. அது போர்லன்ட் நிறுவனம் 1987இல் வெளியிட்ட டேர்போ சி போன்ற தொகுப்பான்கள் தந்த மேலதிக வசதி. திரையைத் துடைக்கும் சார்பும், விசையொன்று அழுத்தப்படும்வரை காத்திருக்கும் ‘கெட்ச்’ சார்பும் அதிலேயே உள்ளன. பல மாதிரிச் செய்நிரல்களில் இவ்விரண்டும் வழக்கமாகவே எழுதப்படுகின்றன. அவற்றை நீக்கினால் கணிப்பின் விடை மாறாது. ஆகவே நீக்கிவிடுங்கள்.

இப்பிழையைத் தொகுப்பானே காட்டித் தருகிறது. காட்டித் தராத பிழையே ஆபத்தானது. மருதமுனை நெசவுக் கடையொன்றில் 800 ரூபா வீதம் 50 சாரன்கள் விற்கப்பட்டன எனக் கொள்க. விலை, எண்ணிக்கை, மொத்தம் மூன்றையும் ‘இன்ட்’ வகை மாறிகளாக எடுத்தால் லினக்ஸில் விடை 40000. டேர்போ சியில் விடை -25536! கடைக்காரர் கணக்கில் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். டேர்போ சியில் இன்ட் 2 பைற்று மட்டுமே. அது கொள்ளும் உயர் பெறுமானம் 32767. லினக்ஸில் அது வழமையாக 4 பைற்று. தொகுப்பானைக் குறைகூற முடியாது; நியமம் இன்ட் வகைக்கு 32767 வரை மட்டுமே உறுதியளிக்கிறது. ‘லோங்’ வகைக்கோ 2147483647 வரை உறுதியுண்டு.

கவனிக்குக: மொத்தத்தை மட்டும் லோங் ஆக்கினால் போதாது. இரண்டு இன்ட் மாறிகளைப் பெருக்கும்போது கணிப்பு இன்ட் வகையிலேயே நடக்கும். பிழையான விடையே மொத்தத்தில் சேமிக்கப்படும். பெருக்கப்படும் மாறிகளில் ஒன்றையாவது லோங் ஆக்குக. அச்சிடும் கூற்றில் ‘டி’க்குப் பதிலாக ‘எல்டி’ என்ற வடிவக் குறியை இடுக. (பலர் மறப்பது இதைத்தான்.)

மேலதிக வசதிகளை முற்றாகத் தவிர்க்கவும் முடியாது. என்டர் விசையின்றி ஒரு விசையை உடனே வாசிக்க நியம சியில் வழியில்லை. விளையாட்டுச் செய்நிரலுக்கு அது தேவை. அப்போது அதனைத் தனியான ஒரு சார்பினுள் எழுதுக. வேறு தொகுப்பானுக்கு மாறும்போது அச்சார்பை மட்டும் திருத்தினால் போதும்.

பயிற்சி: ஒரு நாளிலுள்ள செக்கன்களை 24 × 60 × 60 என இன்ட் வகையில் கணித்தால் டேர்போ சி 20864 எனத் தரும். சரியான விடை என்ன? இங்கு மறை எண் வராதது ஏன்?