டிகிரி முடிச்ச பிள்ளைக்கு இனி என்ன வேலை?



இந்த மாதப் பாடத்தை நம் கூட்டமைப்பில் இருக்கும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் குழுக்களை மனதில் வைத்து எழுதுகிறோம். ஊர்க் குழுச் சகோதரிகளும் விடாமல் படியுங்கள். கடைசியில் உங்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறோம்.

போன மாதக் கூட்டத்தில் சேமிப்பும் சந்தாவும் வசூல் முடிந்த பிறகு, முகாம் குழு ஊக்குநர் அக்கா ஒருவர் எழுந்தார். "பிள்ளை டிகிரி முடிச்சிட்டாள். இனி என்ன செய்யிறது எண்டு அவளுக்கும் தெரியேல்லை, எங்களுக்கும் தெரியேல்லை. தகப்பனோட பெயிண்ட் அடிக்கத்தான் அனுப்பவேணுமோ?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். மற்ற யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் இதே கேள்விதான்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இவர்கள். இங்கே பிறந்து, இங்கே சத்துணவு சாப்பிட்டு, இங்கேயே பிளஸ் டூ பரீட்சை எழுதியவர்கள். ஆனால் 2003-ஆம் ஆண்டு குடியுரிமைத் திருத்தச் சட்டப்படி, முறையான பயண ஆவணம் இல்லாமல் வந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி'. அவர் பதிவு செய்தோ விண்ணப்பித்தோ குடியுரிமை வாங்க முடியாது. 2019 திருத்தத்திலும் இலங்கை சேர்க்கப்படவில்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு விலக்கு ஆணை போட்டது. 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காக இனி தண்டனை இல்லை. நல்ல செய்திதான். ஆனால் அது குடியுரிமை இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு, "எல்லாம் கிடைச்சிட்டுதாம்" என்று சிலர் பேசுவதைக் கேட்கிறோம். அப்படி இல்லை, அக்கா.

சரி, எந்தக் கதவு திறந்திருக்கிறது, எந்தக் கதவு மூடியிருக்கிறது என்று பார்ப்போம். அதற்கு முன்னால் வீட்டில் ஒரு காரியம் செய்யுங்கள். எல்லாருடைய பிறப்புச் சான்றிதழையும் எடுத்து வைத்துத் தேதியைப் பாருங்கள்.

1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூன் 30-க்கும் இடையில் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் அல்லது குடிமகள். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு சகோதரி இந்த விதியைச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். 2022-இல் அவருக்கு பாஸ்போர்ட் கொடுக்க உத்தரவு வந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டும் போட்டார். 1987 ஜூலை 1-க்குப் பிறகு, 2004 டிசம்பர் 3-க்கு முன்னால் பிறந்தவருக்கு, தாய் தந்தையில் ஒருவராவது அப்போது குடிமகனாக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிறந்தவருக்கு இருவருமே குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

இது வெறும் சட்டப் பாடம் இல்லை. தாய் 1985-இல் முகாமில் பிறந்தவர், மகள் 2004 மார்ச்சில் பிறந்தவள் என்றால் அந்த மகளும் பிறப்பால் குடியுரிமைக்கு உரியவள். அதே தாய்க்கு 2006-இல் பிறந்த தம்பிக்கு, தகப்பன் படகில் வந்தவர் என்றால், அந்த உரிமை கிடைக்காது. ஒரே வீட்டில் அக்காவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. நியாயமா என்று கேட்டால் எங்களிடம் பதில் இல்லை. ஆனால் அம்மா தன் சான்றிதழையே பார்க்காமல் இருந்தால் அக்காவுக்கு உரியதும் போய்விடும். மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தக் காலத்துப் பழைய காகிதங்கள் பெட்டியில் இருந்தால் அவற்றையும் தூக்கிப் போட வேண்டாம். வக்கீலுக்குக் காசு இல்லையே என்று தயங்காதீர்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

இன்று கல்லூரியில் இருக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்கள் கையில் குடியுரிமை இல்லை என்று வைத்துக்கொண்டுதான் திட்டம் போட வேண்டியிருக்கிறது.

இங்கே நாங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு முகாம் பிள்ளையை அரசுத் தேர்வுப் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டோம். நன்றாகப் படிக்கிற பிள்ளை. ஒரு வருடம் விடிய விடியப் படித்தாள். விண்ணப்பம் போட உட்கார்ந்த அன்றுதான் குடியுரிமைப் பகுதியைக் கவனித்தோம். அவள் எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. அறிவிக்கையின் தகுதிப் பக்கத்தை முதல் நாளே படித்திருந்தால் அந்த ஒரு வருடம் மிஞ்சியிருக்கும்.

அதனால் பிளஸ் டூ முடித்த பிள்ளை எந்தப் படிப்பு என்று கேட்கும்போதே, 'இந்தப் படிப்பின் கடைசியில் யார் வேலை தருவார்கள், அவர்கள் என்ன காகிதம் கேட்பார்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். சட்டம் படிக்கலாம், பட்டமும் வாங்கலாம். ஆனால் 1961 வழக்கறிஞர் சட்டப்படி பார் கவுன்சிலில் பதிய இந்தியக் குடியுரிமை தேவை. வேறு நாட்டவருக்கு விலக்கு மிகக் குறைவு. பொறியியல் படித்தவர்களுக்குத் தனியார் கம்பெனி திறந்த கதவுதான். ஆனாலும் நேர்முகத்தில் தேறிய பிறகு ஆவணச் சரிபார்ப்பில் பாஸ்போர்ட் கேட்டு நின்றுபோனவர்களும் உண்டு. அதற்காகப் படிப்பை நிறுத்தாதீர்கள். முகாம் மாணவர்களுக்கான உதவித்தொகையை 2021 ஆகஸ்டில் அரசு உயர்த்தியது. பாலிடெக்னிக்குக்கு வருடம் 10,000 ரூபாய், கலை அறிவியல் பட்டப்படிப்புக்கு 12,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். வாங்கிப் படியுங்கள். டிகிரியோடு கைத்தொழில் ஒன்றும் சேர்ந்து வரட்டும் என்றுதான் சொல்கிறோம்.

கைத்தொழில் என்றதும் தையல் மிஷின் என்று நினைக்காதீர்கள். அதுவும் எங்கள் தவறுதான். ஒரு முகாமில் எல்லாருக்கும் தையல் பயிற்சி கொடுத்தோம். பத்துக்கும் மேலே மிஷின் ஓடுகிறது, தைக்கக் கொடுக்க ஆள் இல்லை. சேலை வைத்திருப்பவர்களும் தைப்பவர்களும் அவர்களே!

வாடிக்கையாளர் காகிதத்தைப் பார்க்காமல் வேலையைப் பார்த்துக் காசு கொடுக்கிற தொழில் எது என்று தேடுங்கள். பி.காம். படித்த பிள்ளைக்கு டேலி தெரிந்தால் பக்கத்து டவுன் கடைகளுக்குக் கணக்கு எழுதலாம். சின்னக் கடைக்காரர்கள் தனியாகக் கணக்குப்பிள்ளை வைக்க முடியாமல் தவிக்கிறார்கள். கடைக்கு மாதம் 1,000 ரூபாய் பேசினால்கூட எட்டுக் கடைக்கு 8,000. அதுவும் தணிக்கை நாளில் முகாமில் இருந்துகொண்டே செய்யலாம், வெளியூரில் தங்க அனுமதி வாங்க அலைய வேண்டாம். கணிதம், அறிவியல் படித்தவர்கள் டியூசன் எடுக்கலாம். கணினி படித்தவர்கள் கல்யாணப் பத்திரிகை, பிளக்ஸ் டிசைன், வீடியோ எடிட்டிங் செய்யலாம். டிப்ளமோ படித்த பையன்கள் ஏசி, மோட்டார், சிசிடிவி கேமரா என்று போகலாம். ஏன், பெண்பிள்ளைகளும் போகலாம். பெயிண்ட் வேலையையும் கேவலமாக நினைக்க வேண்டாம். அளவெடுத்து, மதிப்பீடு எழுதி, ரசீது கொடுக்கத் தெரிந்த மகள் கூட இருந்தால் தகப்பன் கூலி ஆளாக இல்லாமல் கான்ட்ராக்ட் எடுப்பவராக மாறலாம். அந்த ஊக்குநர் அக்காவுக்கு நாங்கள் சொன்ன பதில் இதுதான்.

காகித வேலையில் ஒரு எச்சரிக்கை. ஆதார் இங்கே வசிப்பதற்கான அடையாளம், குடியுரிமைச் சான்று இல்லை. பான் கார்டு குடிமக்கள் அல்லாதவருக்கும் கிடைக்கும், அவர்களுக்கென்று தனிப் படிவம் உண்டு. கம்ப்யூட்டர் சென்டரில் அவசரத்தில் 'இந்தியர்' என்று டிக் அடித்துவிடுகிறார்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் உள்ளூர் வேலைக்கு ஜி.எஸ்.டி. பதிவு வேண்டியதில்லை, அதற்காக யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். புரோக்கர் யாராவது வாக்காளர் அட்டை எடுத்துத் தருகிறேன் என்று வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பொய் உறுதிமொழி கொடுத்து பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கு ஓராண்டு வரை சிறை உண்டு. புரோக்கர் மாட்ட மாட்டார், கையெழுத்துப் போட்ட பிள்ளைதான் மாட்டும். நாளைக்குக் குடியுரிமை கேட்கிற நாள் வந்தால் அந்தப் பொய்யும் கூடவே வந்து நிற்கும்.

அடுத்தது பணம். முத்ரா கடன் இந்தியக் குடிமக்களுக்கானது. அதனால் முகாம் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கிற வங்கி நம் குழுதான். கணினியும் பிரிண்டரும் வாங்க 30,000 ரூபாய் உள்கடன், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்று வையுங்கள். மாதம் 1,500 அசல் கட்டினால் 20 மாதத்தில் முடியும். முதல் மாத வட்டி 300, அடுத்த மாதம் 285, இப்படியே குறைந்து கடைசி மாதம் 15. மொத்த வட்டி 3,150 ரூபாய். அதே 30,000-ஐ பத்து ரூபாய் வட்டிக்கு வெளியில் வாங்கினால் ஒரே மாத வட்டி 3,000! கரும்பலகையில் எழுதி உறுப்பினர்களுக்குக் காட்டுங்கள். கடன் அம்மா பேரில் இருக்கும், தொழில் பிள்ளை செய்யும். ஆகவே கடன் கேட்கும் கூட்டத்துக்குப் பிள்ளையும் வந்து, எத்தனை வாடிக்கையாளர் பேசி வைத்திருக்கிறது என்று சொல்லட்டும். மூன்று பேராவது உறுதி சொன்ன பிறகு தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். மெஷின் வாங்கிவிட்டு ஆள் தேடுகிற கதை நமக்குப் போதும்.

இனி ஊர்க் குழுச் சகோதரிகளுக்கு. உங்களில் மளிகைக்கடை, பால் சொசைட்டி, மாவு மில் வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் கணக்கை எழுத, உங்கள் பிள்ளைக்கு டியூசன் எடுக்க முகாம் பிள்ளையைக் கூப்பிடுங்கள். கடை வாடகைக்குக் கேட்டால் 'முகாம் ஆளா' என்று முகம் சுளிக்காதீர்கள். முதல் மூன்று வாடிக்கையாளர் நீங்களாக இருந்தால் அந்தக் கடன் தீர்மானம் இந்த மாதமே எழுதப்படும்.

அடுத்த பஞ்சாயத்து அளவிலான கூட்டத்துக்கு முகாம் குழுக்கள் பிறப்புச் சான்றிதழ், முகாம் அடையாள அட்டை, ஆதார், பிள்ளையின் மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் நகலைக் கொண்டு வரவும். அசல் வேண்டாம், வீட்டிலேயே பத்திரமாக இருக்கட்டும். கூட்டத்தில் தேதி வாரியாகப் பிரித்து, 1987 ஜூலைக்கு முன்னால் இங்கே பிறந்தவர்கள் உள்ள வீடுகளை முதலில் சட்ட உதவிக்கு அனுப்புவோம்.