பழுதாகும் ஹார்டு டிஸ்க்கிலிருந்து தரவுகளை மீட்டல்

ஆண்டுவிழாப் படங்கள், வினாத்தாள்கள், கற்பித்தல் காணொலிகள், பழைய மதிப்பெண் பட்டியல்கள் எனப் பல பள்ளிகளின் சேமிப்பு ஒரே ஒரு வெளிப்புற ஹார்டு டிஸ்க்கில்தான் இருக்கிறது. எமிஸ் தளத்தில் ஏற்றிய விவரங்களை மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். இவற்றுக்கு வேறு நகல் இல்லை. அந்த டிஸ்க் திறக்க மறுக்கும்போது முதலில் நாம் என்ன செய்கிறோம், எதைச் செய்யாமல் விடுகிறோம் என்பதைப் பொறுத்தே கோப்புகள் மீள்வதும் அழிவதும் பெரும்பாலும் அமையும்.

உள்ளே நடப்பது என்ன?

ஹார்டு டிஸ்க்கினுள் காந்தப் பூச்சுள்ள தட்டுகள் சுழல்கின்றன. கையடக்க டிஸ்க்குகளில் பெரும்பாலும் இவ்வேகம் நிமிடத்திற்கு 5400 சுற்றுகள். தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடி படிமுனை தரவைப் படிக்கிறது. மனித முடியின் தடிமனோ பல்லாயிரம் நானோமீட்டர். டிஸ்க் கீழே விழுந்தால் படிமுனை தட்டில் உரசக்கூடும். பூச்சு சுரண்டப்பட்ட இடத்தில் இருந்த தரவை எந்த மென்பொருளாலும் மீட்க இயலாது.

அறிகுறியும் செய்ய வேண்டியதும்

1. டிஸ்க் இணைந்து இணைந்து துண்டிக்கப்படுகிறது: முதலில் கேபிளை மாற்றுங்கள். யூஎஸ்பி 2 முனை 500 மில்லிஆம்பியர் வரையே தரும். யூஎஸ்பி 3 முனை 900 வரை தரும். எனவே ஹப் இல்லாமல், கணினியின் முனையில் நேரடியாக இணைத்துப் பாருங்கள்.

2. 'ஃபார்மேட் செய்யவா?' என்று கணினி கேட்கிறது: வேண்டாம் என்றே சொல்லுங்கள். கோப்புகளின் இருப்பிடத்தைக் குறிக்கும் அட்டவணை மட்டும் சிதைந்திருக்கலாம். கோப்புகள் அப்படியே இருக்கக்கூடும்.

3. கோப்புகள் மிக மெதுவாகத் திறக்கின்றன, நகலெடுப்பது பாதியில் நிற்கிறது: சில பகுதிகள் பழுதாகி வருகின்றன. உடனே மீட்புப் பணியைத் தொடங்குங்கள்.

4. 'டிக் டிக்' என்ற ஒலி தொடர்ந்து கேட்கிறது: படிமுனை பழுதாகியிருக்கலாம். உடனே இணைப்பைத் துண்டியுங்கள். இனி அது மீட்பு ஆய்வகத்தின் வேலை. டிஸ்க்கைத் திறப்பதும், குளிர்பதனப் பெட்டியில் வைப்பதும் இருப்பதையும் கெடுக்கும்.

முதலில் நகல், பிறகு மீட்பு

உதிரும் நிலையில் உள்ள பழைய சேர்க்கைப் பதிவேட்டை எப்படிப் படியெடுப்போம்? தெளிவான பக்கங்களை முதலில் எழுதிக்கொள்வோம். ஒட்டிக்கொண்ட பக்கங்களைக் கடைசியில்தான் மெல்லப் பிரிப்போம். மூலப் பதிவேட்டில் எதையும் எழுத மாட்டோம். டிஸ்க்கிற்கும் இதே முறைதான்.

டிஸ்க் இன்னும் திறந்தால், வேறெங்கும் கிடைக்காத சிறிய ஆவணங்களை முதலில் நகலெடுங்கள். இணையத்தில் மீண்டும் கிடைக்கும் பாடக் காணொலிகள் கடைசியாக வரட்டும். பழுதைச் சரிசெய்யும் 'செக் டிஸ்க்' கட்டளையை இந்நிலையில் இயக்காதீர்கள். அது மூல டிஸ்க்கிலேயே மாற்றங்களை எழுதும்.

கோப்புறைகள் திறக்காவிட்டால் முழு டிஸ்க்கையும் நகலெடுக்க வேண்டும். லினக்ஸில் இயங்கும் 'டிடிரெஸ்க்யூ' என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே உருவானது. நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டுப் பழுதான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். முடிந்த பகுதிகளைக் குறிப்புக் கோப்பில் பதிந்துகொள்வதால், மின்தடை வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நகலைச் சேமிக்கும் டிஸ்க்கில், பழுதான டிஸ்க்கின் மொத்தக் கொள்ளளவைவிடக் கூடுதலான காலி இடம் வேண்டும். மூலம் எது, நகல் எது என்பதை இருமுறை சரிபார்த்த பிறகே கட்டளையை இயக்குங்கள். மாறிப்போனால் எல்லாம் அழியும்.

நகல் கிடைத்ததும் மூல டிஸ்க்கை எடுத்து வைத்துவிடுங்கள். 'டெஸ்ட்டிஸ்க்', 'ஃபோட்டோரெக்' ஆகிய இலவச மென்பொருள்களை நகலின் மீது இயக்கிக் கோப்புகளைத் தேடலாம். ஃபோட்டோரெக் மீட்கும் கோப்புகளுக்குப் பழைய பெயர் பெரும்பாலும் இருக்காது. வகைப்படுத்தப் பொறுமை வேண்டும்.

வெளியாரிடம் கொடுக்கும் முன்

டிஸ்க்கில் மாணவர்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, படங்கள் இருக்கலாம். தலைமையாசிரியரின் எழுத்துப்பூர்வ அனுமதியும், கடையிலிருந்து ஒப்புகைச் சீட்டும் பெறாமல் ஒப்படைக்க வேண்டாம். மீட்ட கோப்புகளின் நகலைத் தங்களிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் எழுதி வாங்குங்கள்.

வகுப்பறைச் செயல்பாடு

1 டெராபைட் என்பது 10,00,000 மெகாபைட். நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் நகலெடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? விடை 10,000 நொடி, அதாவது ஏறத்தாழ 2 மணி 47 நிமிடம். பழுதான டிஸ்க்கில் வேகம் நொடிக்கு 2 மெகாபைட்டாகக் குறைந்தால்? ஏறத்தாழ 139 மணி நேரம், அதாவது ஆறு நாள்களுக்குச் சற்றுக் குறைவு. நேர்விகிதமும் எதிர்விகிதமும் கற்பிக்கும்போது இக்கணக்கைப் பயன்படுத்தலாம்.

இனி வராதிருக்க

மூன்று நகல்கள், இருவகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில் என்பது கணினித் துறையில் வழங்கும் எளிய விதி. ஒவ்வொரு பருவத் தேர்வு முடிந்ததும் நகலெடுப்பதைப் பள்ளி நாள்காட்டியில் ஒரு பணியாகவே குறித்துவிடுங்கள். யார் எடுத்தார், என்று எடுத்தார் என்பதற்கு ஒரு பதிவேடும் இருக்கட்டும். எடுத்த நகலிலிருந்து இரண்டு கோப்புகளையாவது திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நம்ப முடியாது.