நடந்து முடிந்ததை ஆங்கிலத்தில் சொல்ல…

பாடாங் மேஹா எஸ்.பி.எம். மாணவர்களுக்கும், குலிம் ஹைடெக் பார்க்கில் வேலை செய்பவர்களுக்கும் சில குறிப்புகள்:

• வருத்தம்: மழைக்கு முன்பே ரப்பர் பால் வெட்டியிருக்கலாமே என்றால், ‘ஐ ஷுட் ஹேவ் டேப்ட் இயர்லியர்’.

• குறை சொல்ல: ‘யூ ஷுட் ஹேவ் கால்ட் மீ’. கூப்பிடவில்லை என்பது இதிலேயே அடங்கிவிடும். செய்யக் கூடாததைச் செய்தவரிடம் ‘ஷுடன்ட் ஹேவ்’.

• ஆதங்கம்: ‘யூ குட் ஹேவ் டோல்ட் மீ’. சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

• வீண் வேலை: ‘யூ நீடன்ட் ஹேவ் குக்ட்’. சமைத்தாயிற்று, ஆனால் தேவைப்படவில்லை.

• கவனம்: தமிழில் ‘பஸ் போயிருக்க வேண்டும்’ என்றால் இரு பொருள். போயிருக்கும் என்ற ஊகமானால் ‘மஸ்ட் ஹேவ்’. போகாமல் நிற்கிறதே என்ற குறையானால் ‘ஷுட் ஹேவ்’.

• வினைச்சொல்: ‘ஷுட் ஹேவ் வென்ட்’ தவறு, ‘ஷுட் ஹேவ் கோன்’ சரி. காதில் ‘ஷுடவ்’ என்று விழுந்தாலும், எழுதும்போது ‘ஹேவ்’தான்; ‘ஆஃப்’ அல்ல.

• மரியாதை: பெரியவர்களிடமும் மேலாளரிடமும் ‘யூ ஷுட் ஹேவ்’ சுருக்கென்று தைக்கும். ‘ஐ விஷ் ஐ ஹேட் நோன்’ என்று தன்மேல் வைத்துச் சொன்னால் பேச்சு முறியாது.