குப்பை என்று பிடுங்கும் கீரை

லயத்துக்குப் பின்னால், கான் ஓரத்தில், சாம்பல் கொட்டுகிற இடத்தில் தானாக முளைக்கும் மணத்தக்காளியை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். பார்க்கக் களை மாதிரித்தான் இருக்கும். சின்ன வெள்ளைப் பூ, மிளகு போலக் கொத்துக் காய், பழுத்தால் கறுப்பு. வாசலைத் துப்புரவு செய்யும்போது இதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கறிக்கு இல்லையென்று மலையில் கீரை தேடுகிறோம். அங்கேதான் ஆபத்து. களை மருந்து அடித்த மலையில் பறித்த கீரையை எத்தனை தரம் கழுவினாலும், இலைக்குள் ஊறிய மருந்து போகாது. ஆகவே வீட்டருகே நாமே வளர்ப்போம்.

வளர்ப்பது எப்படி?

நன்றாகக் கறுத்த பழங்களைப் பிசைந்து தண்ணீரில் அலசினால் விதை அடியில் தங்கும். அதை நிழலில் காயவையுங்கள். மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிசாக மண் போடுங்கள். ஓரிரு கிழமையில் முளைக்கும். நாலைந்து இலை வந்ததும் ஒன்றரை அடிக்கு ஒன்றாக நடுங்கள். மக்கிய மாட்டெருவும் கொஞ்சம் அடுப்புச் சாம்பலும் போதும். இடமில்லாதவர்கள் பழைய சாக்கில் மண் நிரப்பி நடலாம். மருந்து வந்த கேனில் மட்டும் வேண்டாம். உருளைக்கிழங்கு, தக்காளிப் பாத்திக்குப் பக்கத்திலும் வேண்டாம். மூன்றும் ஒரே குடும்பம், நோய் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தொற்றும்.

பறிப்பது நமக்குப் பழகிய வேலைதான். கொழுந்து எடுக்கிற மாதிரி நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிக்கும். காய்த்து ஓய்ந்தால் செடி பட்டுப்போகும். ஆகவே இரண்டு செடியைக் கிள்ளாமல் விதைக்கு விடுங்கள்.

கவனிக்க வேண்டியவை

பச்சைக் காயில் சொலனின் என்ற நஞ்சு இருக்கிறது. பிள்ளைகள் அதை வாயில் போட்டால் வாந்தி, வயிற்றுவலி வரும். கறுத்துக் கனிந்த பழம் எது, பச்சைக் காய் எது என்று பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுங்கள். இளம் இலையை மட்டும் பறித்து நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமையுங்கள்.

இரத்தச் சோகை உள்ள நம் பெண்களுக்குக் கீரை நல்லது. கீரையில் தேசிக்காய் பிழிந்தால் அதிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் அந்தச் சத்துக் குறைந்துபோகும். ஒரு மணித்தியாலம் பொறுங்கள். கீரை சாப்பிடுகிறோம் என்று கிளினிக்கில் தந்த மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

இந்த வருடம் எடுக்கும் விதையில் ஒரு பிடியைப் பக்கத்துக் காம்பராவுக்கும் கொடுப்போம்.