இன்ஜினைத் தூக்க எது நல்லது? மரக்கிளையா, மூணு கால் ஸ்டாண்டா, கிரேனா?

மழைநீர் சேமிப்பு, கொசு ஒழிப்பு, புகையின் தீமை எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். அதனால் நான் எங்கள் வீட்டு வாசலில் நடந்ததை எழுதுகிறேன். இதுவும் அறிவியல்தான் என்று சயின்ஸ் சார் சொன்னார். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

எங்க அப்பா பழைய டீசல் ஜீப் ஒன்று வைத்திருக்கிறார். தோட்டத்துத் தேங்காய், வாழைத்தார் எல்லாம் சந்தைக்கு ஏற்றிப் போவார். அந்த ஜீப் ஓடினால்தான் எங்க வீட்டில் அடுப்பு எரியும். ரிப்பேர் என்றால் ஒர்க் ஷாப்புக்கு விட மாட்டார்கள். சித்தப்பா முன்பு டவுனில் மெக்கானிக் வேலை பார்த்தவர். அவரும் அப்பாவும் வேப்பமரத்தடியிலேயே பிரித்துவிடுவார்கள்.

போன வருடம் சித்திரையில் இன்ஜினை வெளியே எடுக்க வேண்டி வந்தது. வேப்பங்கிளை மேல் தாம்புக்கயிற்றைப் போட்டு, ஒரு முனையை இன்ஜினில் கட்டி, மறு முனையை ஆறு பேர் பிடித்து இழுத்தார்கள். இன்ஜின் ஜீப்பை விட்டு மேலே வந்தது. எல்லோரும் "ஏலேலோ" போட்டார்கள். அப்புறம் சடக்கென்று ஒரு சத்தம். கிளையோடு இன்ஜின் கீழே. சித்தப்பாவின் வலது கால் கட்டைவிரல் நசுங்கிவிட்டது. ஒரு சாண் தள்ளி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அம்மா இன்னும் சொல்லிச் சொல்லி அழுவார். "இனி இந்த மரத்துல ஊஞ்சல் தவிர வேற எதுவும் தொங்கக் கூடாது" என்று அம்மா அன்றே சொல்லிவிட்டார்.

கிளை ஏன் ஒடிந்தது? எல்லோரும் "கிளை உளுத்துப் போச்சு" என்றார்கள். எனக்குச் சந்தேகம். அந்த இன்ஜினை டவுனுக்குக் கொண்டு போனபோது எடை மேடையில் லோடு ஆட்டோவை இன்ஜினோடு ஒரு தடவை, இன்ஜின் இல்லாமல் ஒரு தடவை நிறுத்தினோம். வித்தியாசம் 200 கிலோ. அப்படியானால் கிளை தாங்கியது 200 கிலோதானே என்று நினைப்பீர்கள். அதுதான் தப்பு. நண்பர்களே, கயிறு கிளையின் இரண்டு பக்கமும் தொங்குகிறது. ஒரு பக்கம் இன்ஜின் 200 கிலோ. மறு பக்கம் ஆறு பேர் கீழ்நோக்கி இழுக்கிற இழுப்பு, அதுவும் குறைந்தது 200 கிலோ. கயிறு கிளையில் உராய்வதால் இன்னும் கொஞ்சம் கூடவே இழுக்க வேண்டும். ஆக கிளை தாங்கியது 400 கிலோவுக்கும் மேல்! இதைக் கரும்பலகையில் படம் போட்டுச் சார் காட்டியபோது, நான் வீட்டுக்கு ஓடிப்போய் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டே, "இத முன்னாடியே படிச்சிருக்கக் கூடாதா கண்ணு" என்றார்.

இந்த வருடம் மறுபடியும் இன்ஜின் இறக்க வேண்டும். மரம் கூடாது. ஓட்டு வீட்டு உத்திரமும் கூடாது, அது கூரையைத் தாங்க வைத்தது. என்ன வாங்கலாம் என்று வீட்டில் பத்து நாள் பேச்சு. நானும் அப்பாவோடு டவுன் கடைக்குப் போய்ப் பார்த்தேன்.

முதலில் கிரேன். இது கொக்கு மாதிரி இருக்கும். அடியில் சக்கரம் வைத்த இரண்டு கால், பின்னால் ஒரு கம்பம், மேலே நீட்டிய கை. கையைத் தூக்குவது ஒரு ஹைட்ராலிக் ஜாக்கி. நமது பாய்மங்கள் பாடத்தில் வருகிற பாஸ்கல் விதிதான் இது. பாஸ்கல் 1623 முதல் 1662 வரை வாழ்ந்தவர். சின்ன பிஸ்டனின் விட்டம் 1 செ.மீ., பெரிய பிஸ்டனின் விட்டம் 4 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டம் 4 மடங்கு, ஆனால் பரப்பு 16 மடங்கு. ஆகவே விசையும் 16 மடங்கு. அதோடு நீள கைப்பிடியும் நெம்புகோலாக உதவுகிறது. என்னாலேயே அடிக்க முடிந்தது, கடைக்காரர் சிரித்தார்.

ஆனால் கிரேனில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு டன் கிரேன் என்று பெரிதாக எழுதியிருந்தது. கையை நீட்ட நாலு ஓட்டை இருந்தது. ஒவ்வொரு ஓட்டைக்குப் பக்கத்திலும் சின்ன எழுத்தில் 1000, 750, 500, 250 என்று இருந்தது. கையை உள்ளே இழுத்து வைத்தால்தான் 1000 கிலோ. முழுசாக நீட்டினால் 250தான். சீசாவில் நுனிக்குப் போகப் போக நம் கனம் கூடுகிற மாதிரி தெரியும் அல்லவா, அதே கதை. எங்க இன்ஜின் 200 கிலோ, கியர் பாக்ஸோடு சேர்த்துத் தூக்கினால் 250-ஐத் தாண்டிவிடும். ஜீப்பின் மூக்கைத் தாண்டி இன்ஜின் வரைக்கும் கை எட்ட வேண்டும் என்றால் நீட்டித்தான் ஆக வேண்டும். ஆகவே கிரேன் வாங்குபவர்கள் பெரிய எழுத்தைப் பார்க்காமல், தங்கள் வண்டிக்கு எந்த ஓட்டை தேவைப்படும் என்று அளந்து, அந்த ஓட்டையின் எண்ணைப் பார்க்க வேண்டும். இறக்கும்போது வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். சட்டென்று திருகினால் தொப்பென்று இறங்கும்.

இன்னொன்று, கிரேன் சக்கரம் உள்ளங்கை அளவுதான். சிமெண்ட் தரையில் வழுக்கிக்கொண்டு போகும். எங்க வாசல் மண் தரை. தூக்கின இன்ஜினோடு ஒரு சக்கரம் மண்ணில் புதைந்தால் கிரேனே சாய்ந்துவிடும். விலையும் செயின் பிளாக்கைப் போல மூணு மடங்குக்கு மேல் சொன்னார்கள். சிமெண்ட் தரை போட்ட ஷெட் இருப்பவர்களுக்குக் கிரேன் ரொம்ப நல்லது. எங்களுக்குச் சரிப்படாது என்று நான்தான் முதலில் சொன்னேன் (அப்பா தான் சொன்னதாகச் சொல்லுவார், நம்பாதீர்கள்).

அடுத்தது செயின் பிளாக். போர் மோட்டார் தூக்குகிற அண்ணன்கள் மூணு கால் ஸ்டாண்டில் தொங்கவிட்டுக் கடகடவென்று இழுப்பார்களே, அதுதான். உள்ளே பல்சக்கரங்கள் இருக்கின்றன. கையை விட்டாலும் சுமை இறங்காமல் பிடிக்கிற பிரேக்கும் உள்ளேயே இருக்கிறது. இதனால்தான் எனக்கு இது பிடித்தது. கயிற்றில் ஒருத்தர் கை நழுவினால் முடிந்தது கதை. இதில் நடுவில் நிறுத்திவிட்டு ஒரு வாய் டீ குடிக்கலாம். ஆனால் கீழே மட்டும் யாரும் போகக் கூடாது.

ஒரு டன் செயின் பிளாக் வாங்கினோம். வாங்கிய அன்றே இன்ஜினைத் தொங்கவிட்டு நான் ஒரு சோதனை செய்தேன். செயினில் சாக்பீஸால் கோடு போட்டு அளந்தேன். கொக்கி 1 அடி ஏற, கைச்செயினை 44 அடி இழுக்க வேண்டியிருந்தது! அப்படியானால் கணக்குப்படி 200-ஐ 44-ஆல் வகுத்தால் சுமார் நாலரை கிலோ இழுப்பு போதும். பழைய பேப்பர் வாங்குகிற தாத்தாவிடம் ஸ்பிரிங் தராசு கடன் வாங்கி மாட்டிப் பார்த்தேன். 7 கிலோ காட்டியது. மீதி இரண்டரை கிலோ உராய்வு தின்றுவிட்டது. நூற்றுக்கு 64 பங்குதான் உபயோகமாகிறது. ஆனால் போன வருடம் ஆறு பேர் இழுத்ததை இந்த வருடம் என் தம்பி (5-ம் வகுப்பு) இழுத்தான். நேரம்தான் அதிகம் ஆனது. இயற்கை ஒன்றைக் கொடுத்தால் ஒன்றை வாங்கிக்கொள்கிறது.

மூணு கால் ஸ்டாண்டைச் சொந்தமாக வாங்கவில்லை. போர் மோட்டார் அண்ணனிடம் நாள் வாடகைக்கு எடுத்தோம். வருடத்துக்கு ஒரு நாளுக்காக மூணு இரும்புக் குழாயை ஏன் வாங்க வேண்டும் என்று அம்மா கேட்டார், நியாயம்தான். சுமை ஏறினால் கால்கள் வெளியே வழுக்கப் பார்க்கும். அதனால் மண்ணில் அரை அடி குழி பறித்துக் கால்களை இறக்கி, மூன்று காலையும் சுற்றிச் சங்கிலியால் கட்டினோம். ஸ்டாண்டு நகராது. ஆகவே இன்ஜின் மேலே ஏறியதும் ஜீப்பைத்தான் பின்னால் தள்ள வேண்டும். ரேடியேட்டரையும் முன் கிரில்லையும் முதலிலேயே கழற்றியதால் சுலபமாக இருந்தது.

கட்டுகிற விதத்திலும் கவனம் வேண்டும். இன்ஜினின் இரண்டு பக்கம் இருந்து இரண்டு பெல்ட் வந்து கொக்கியில் சேரும். இரண்டும் நேராக நின்றால் ஆளுக்கு 100 கிலோ. நடுவில் 60 பாகை விரிந்தால் ஒவ்வொன்றும் சுமார் 115 கிலோ. 90 பாகை என்றால் 141. 120 பாகைக்கு விரித்தால் ஒவ்வொரு பெல்ட்டும் முழு 200 கிலோவையும் தாங்க வேண்டும்! பெல்ட் குட்டையாக இருந்தால் கோணம் விரியும். நான் ஜியாமெட்ரி பாக்ஸ் பாகைமானியை வைத்துப் பார்த்தேன், முதலில் 100 பாகை இருந்தது. சித்தப்பாவிடம் சொல்லி நீளமான பெல்ட் மாற்றினோம்.

தூக்கும்போது ஒரு இடத்தில் செயின் திடீரென்று இறுகியது. தம்பி முக்கினான். இன்ஜின் ஏறாமல் ஜீப்பின் முன்பக்கம் ஏற ஆரம்பித்தது. சித்தப்பா "நிறுத்துடா" என்று கத்தினார். பார்த்தால் ஒரு மவுண்டிங் போல்ட் கழற்றாமல் இருந்தது. அப்போது செயின் தூக்கியது இன்ஜினை மட்டும் இல்லை, பாதி ஜீப்பையும் சேர்த்து. அப்படியே இழுத்திருந்தால் எது முதலில் அறுந்திருக்குமோ. கொஞ்சம் தூக்கியதும் நிறுத்தி, வயர், டீசல் குழாய், சைலன்சர், போல்ட் எல்லாம் விட்டுவிட்டதா என்று சுற்றி வந்து பார்க்க வேண்டும் என்று சித்தப்பா அப்புறம் எங்களிடம் சொன்னார். வெளியே வந்த இன்ஜினைத் தொங்கவிட்டு வேலை செய்யவில்லை, உடனே பழைய லாரி டயர் மேல் இறக்கி வைத்தோம்.

இப்போது இன்ஜின் டவுனில் போரிங் வேலைக்குப் போயிருக்கிறது. வருகிற ஞாயிறு காலை 9 மணிக்குத் திரும்ப ஏற்றுகிறோம். பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம். ஸ்டாண்டைச் சுற்றி நான் சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பேன், அதற்கு வெளியே நின்று பாருங்கள். உள்ளே வந்தால் அம்மா விளக்குமாற்றை எடுப்பார்.

- 9-ம் வகுப்பு மாணவி