தேசி மரத்தைக் கத்தரிக்கும் காலம்

பருத்தித்துறையில் ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை பெய்யும். அக்காலத்தில் தேசி மரத்தைக் கத்தரித்தல் கூடாது. மழைநீருடன் தெறிக்கும் சொறிநோய்க் கிருமிகள் வெட்டுக்காயத்தின் வழியே மரத்தினுட் புகும்.

மழை நன்கு ஓய்ந்தபின், தை அல்லது மாசியில், புதுத்தளிர் விடுமுன் உலர்ந்த நாளொன்றிற் கத்தரிக்குக. பட்ட கொப்புகளையும், சொறி கண்டவற்றையும், ஒன்றோடொன்று உரசுவனவற்றையும் மட்டும் நீக்குக. மிகுதியாக வெட்டினால் கடும் வெயில் பட்டு அடிமரத்துப் பட்டை வெடிக்கும். ஒட்டுமரமாயின், ஒட்டுக்குக் கீழே தோன்றும் முளைகளை இளமையிலேயே களைக.

பெரிய காயங்களுக்குப் போர்டோப் பசை பூசுக. மயில்துத்தம் 100 கிராமை அரை லீற்றர் நீரிலும், சுட்ட சுண்ணாம்பு 100 கிராமை வேறு அரை லீற்றர் நீரிலும் கரைத்து, மட்பாத்திரத்திற் கலந்தால் பசை ஆயத்தமாகும். சொறி கண்ட கொப்புகளை வளவில் விடாது எரித்தல் வேண்டும்.