குறுந்தட்டும் காப்புப் படியும்



கோலா பிலா வட்டாரத்தில் ஒரு தோட்டம் இருந்தது. அங்கு இரப்பர் மரங்கள் அழிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. லயன் வீடுகளும் ஒவ்வொன்றாக மறைந்தன. அத்தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தாய் ஒருவர் சில காலத்திற்கு முன் எம்மிடம் ஒரு குறுந்தட்டைக் கொண்டுவந்தார். தோட்டத்துக் கோயிலின் கடைசித் திருவிழாப் படங்களும், அவ்விழாவில் அவர்தம் கணவர் பேசிய பேச்சும் அதில் பதியப்பட்டிருந்தன. கணவர் இன்று இல்லை. “ஐயா, அவர் குரல் இதில் மட்டுந்தான் இருக்கிறது. பேரப் பிள்ளைகள் கேட்க வேண்டும்” என்றார் அவ்வம்மையார்.

தட்டின் வெளி விளிம்பில் வெண்மையாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. கணினியில் இட்டுப் பார்த்தபோது, முதலில் பதியப்பட்ட படங்கள் யாவும் கிடைத்தன. இறுதியில் பதியப்பட்ட பேச்சு மட்டும் கிடைக்கவில்லை. வேறு இரு கணினிகளில் முயன்றும் பயனில்லை. அவரிடம் வேறு படியும் இல்லை.

படங்கள் ஏன் தப்பின? குரல் ஏன் அழிந்தது? இத்தகைய இழப்பு நம் வீட்டிலும் பள்ளியிலும் நேராதிருக்க என்ன செய்தல் வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

ஓலை தந்த பாடம்

எழுதியதைக் காப்பாற்றும் கவலை தமிழர்க்குப் புதிதன்று. நம் முன்னோர் பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதினர். ஓலை நிலையானதன்று. ஈரமும் பூச்சியும் அதனை அரிக்கும். ஆகவே, பழைய ஓலை சிதையுமுன் புதிய ஓலையில் படியெடுத்து வைப்பது அவர்தம் வழக்கமாயிற்று. படியெடுக்கப்பெற்ற நூல்கள் வாழ்ந்தன, படியெடுக்கப்பெறாதவை மறைந்தன.

யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளையவர்களும், டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களும் அழியும் நிலையிலிருந்த சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கி அச்சேற்றினர். சீவக சிந்தாமணி 1887 ஆம் ஆண்டிலும், சிலப்பதிகாரம் 1892 ஆம் ஆண்டிலும் சாமிநாதையரின் பதிப்பாக வெளிவந்தன. ஓரிடத்துச் சுவடியில் சிதைந்திருந்த அடியை வேறோர் ஊர்ச் சுவடியில் கண்டு நிரப்ப முடிந்தது. படிகள் பல ஊர்களில் பிரிந்து கிடந்தமையே அதற்குத் துணை செய்தது.

இதற்கு மாறான துயர நிகழ்ச்சியையும் நாம் அறிதல் வேண்டும். 1933 ஆம் ஆண்டில் சிறிய அளவில் தொடங்கப்பெற்று வளர்ந்த யாழ்ப்பாணப் பொது நூலகம், 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாள் நள்ளிரவையொட்டித் தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அங்கு இருந்தன. வேறிடத்தில் படியிருந்த நூல்களை மீண்டும் தேடிப் பெறலாம். படியற்ற சுவடிகளை யார் மீட்டுத் தருவார்? கட்டடம் பின்னர் மீண்டும் எழுந்தது. எரிந்த ஓலை எழவில்லை.

அழிவுக்கு முன்பே செயற்படுவதன் பயனைக் காட்டும் சான்றுகளும் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பார் திரட்டிய நூல்களைக் கொண்டு 1994 ஆம் ஆண்டில் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. அங்குப் பழைய நூல்கள் நுண்படமாக எடுக்கப்பட்டன. 1998 ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் வாழும் தமிழ்த் தொண்டர்களின் உழைப்பால் பழந்தமிழ் நூல்களைக் கணினி எழுத்தில் ஏற்றியது. 2005 ஆம் ஆண்டில் தோன்றிய நூலகம் என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படியெடுத்து வருகின்றது.

குறுந்தட்டின் அமைப்பு

இனிக் குறுந்தட்டைப் பற்றி ஆராய்வோம். பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்கள் இணைந்து உருவாக்கிய குறுந்தட்டு 1982 ஆம் ஆண்டில் இசைத்தட்டாக விற்பனைக்கு வந்தது. அதன் குறுக்களவு 12 செண்டிமீட்டர், தடிப்பு 1.2 மில்லிமீட்டர். தட்டின் பெரும்பகுதி தெளிந்த நெகிழியால் ஆனது.

கடையில் வாங்கும் வெற்றுக் குறுந்தட்டில் நான்கு அடுக்குகள் உள்ளன. அடியில் நெகிழி. அதன்மேல் மெல்லிய சாயப் பூச்சு. அதன்மேல் ஒளியைத் திருப்பி அனுப்பும் உலோகப் பூச்சு. எல்லாவற்றிற்கும் மேலே காப்புப் பூச்சு. பெயர் எழுதும் பக்கம் இக்காப்புப் பூச்சேயாகும்.

நெகிழியில் நூலினும் நுண்ணிய ஒரு கோடு, மையத்திலிருந்து தொடங்கி விளிம்பை நோக்கிச் சுருளாகச் செல்கின்றது. அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே உள்ள தூரம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் 1.6 பங்கே ஆகும். அதாவது, ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் 625 சுற்றுகள் அடங்கும். அச்சுருளை நீட்டினால் ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் நீளும்!

பால்மரத்தில் உளி கீறிய கோட்டின் வழியே பால் வழிந்து மங்கில் சேர்வதை நம் பிள்ளைகள் அறிவர். அதுபோலவே, குறுந்தட்டின் கோடு லேசர் என்னும் ஒளிக்கதிருக்கு வழிகாட்டுகின்றது. பழைய கிராமபோன் தட்டில் முள் விளிம்பிலிருந்து உள்நோக்கிச் செல்லும். குறுந்தட்டிலோ கதிர் உள்ளிருந்து வெளிநோக்கிச் செல்லும். அத்தாயின் தட்டில் முதலில் பதிந்த படங்கள் உட்புறத்தில் இருந்தன. பூஞ்சணம் அங்கு எட்டவில்லை. கடைசியில் பதிந்த குரலோ விளிம்பருகே இருந்தது. முதல் வினாவிற்கு விடை இதுவேயாகும்.

எழுதும் முறை

கணினியில் உள்ள எழுத்து, படம், ஒலி யாவும் சுழி, ஒன்று என்னும் இரண்டே குறிகளின் வரிசையாக அமைந்தவை. எழுதும்போது வலிமை மிக்க லேசர் கதிர் சாயத்தைப் புள்ளி புள்ளியாகச் சுடுகின்றது. சுடப்பட்ட இடம் ஒளியைக் குறைவாகவும், சுடப்படாத இடம் மிகுதியாகவும் திருப்பி அனுப்பும். படிக்கும்போது வலிமை குன்றிய கதிர் அவ்வேறுபாட்டை உணர்ந்து பழைய வரிசையை மீட்டுத் தருகின்றது.

ஒருமுறை சுட்ட சாயம் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆகவே, இவ்வகைத் தட்டில் ஓரிடத்தில் ஒருமுறையே எழுதலாம். மீண்டும் மீண்டும் எழுதத்தக்க தட்டும் உண்டு. அதில் சாயத்திற்கு மாற்றாக ஓர் உலோகக் கலவை இருக்கும். வெட்டிய பட்டை சில ஆண்டுகளில் மீண்டும் வளர, அதில் மறுபடியும் பால் எடுக்கின்றோம் அல்லவா? அதனைப் போன்றது இது. ஆயினும், காப்புப் படிக்கு ஒருமுறை எழுதும் தட்டே ஏற்றது. தவறுதலாகக்கூட அதன்மேல் வேறொன்றை எழுதி அழித்துவிட இயலாது என்பதே காரணம்.

ஒரு சிறு கணக்கு

சாதாரணக் குறுந்தட்டின் கொள்ளளவு ஏறத்தாழ 700 மெகாபைட். டிவிடி தட்டு 4.7 கிகாபைட் கொள்ளும். புளூரே எனப்படும் நீலக்கதிர்த் தட்டு ஓர் அடுக்கில் 25 கிகாபைட் கொள்ளும். மூன்றும் ஒரே அளவின; கதிரின் நிறமும் நுண்மையுமே வேறுபாட்டுக்குக் காரணம்.

ஒரு நிழற்படம் 5 மெகாபைட் எனக் கொள்வோம். குறுந்தட்டில் 140 படங்களும், டிவிடியில் 940 படங்களும், நீலக்கதிர்த் தட்டில் 5,000 படங்களும் அடங்கும். நம் பள்ளி ஆண்டு மலர்களையும் விளையாட்டுப் போட்டிப் படங்களையும் ஒரு கைப்பிடித் தட்டுகளில் அடக்கிவிடலாம் என்பது இதனால் விளங்கும்.

கீறல் பட்டும் படிப்பது எவ்வாறு?

சிறு கீறல் விழுந்த தட்டும் பல வேளைகளில் பிழையின்றிப் படிக்கின்றது. இதன் மருமம் கணிதத்தில் உள்ளது. கிராணியாரின் கணக்கேட்டை நினைத்துப் பாருங்கள். ஒருவர் திங்களன்று 12 கிலோ, செவ்வாயன்று 15 கிலோ, புதனன்று ஏதோ ஓர் அளவு பால் கொணர்ந்தார். மொத்தம் 40 கிலோ. புதன் கட்டத்தில் தேநீர் சிந்தி எண் அழிந்தாலும், 40 இலிருந்து 27ஐக் கழித்து 13 என்று கூறிவிடலாம். மொத்தம் எழுதி வைத்தமையால் அழிந்த எண் மீண்டது.

ரீட், சாலமன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1960 ஆம் ஆண்டில் வெளியிட்ட கணித முறையைப் பின்பற்றி, குறுந்தட்டிலும் இத்தகைய காவல் எண்கள் சேர்க்கப்படுகின்றன. அடுத்தடுத்த எண்களை ஒரே இடத்தில் வையாது பிரித்து வைப்பதால், ஒரு கீறல் எல்லாவற்றையும் ஒருங்கே அழித்துவிடுவதில்லை. எனினும், இதற்கும் ஓர் எல்லை உண்டு. கணக்கேட்டின் பக்கமே கிழிந்துபோனால் கிராணியாராலும் ஒன்றும் செய்ய இயலாது.

தட்டின் பகைவர்

முதற் பகை வெயில். சூரிய ஒளி சாயத்தை வெளுக்கச் செய்யும். சன்னலோரத்திலும் மோட்டார் வண்டியினுள்ளும் தட்டை வைத்தல் கூடாது.

இரண்டாம் பகை ஈரமும் பூஞ்சணமும். பால் தகடுகளைப் புகைக்கூண்டில் இட்டு உலர்த்துவது ஏன்? பூஞ்சணம் பிடியாதிருக்கவே. நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் பூஞ்சணத்திற்கு உகந்தவை. நடு அமெரிக்காவின் பெலிஸ் நாட்டில் ஒரு குறுந்தட்டைப் பூஞ்சணம் அரித்திருந்ததை 2001 ஆம் ஆண்டில் ஸ்பெயின் அறிவியலார் அறிவித்தனர். தட்டைப் புகையில் இட இயலாது. ஆகவே, உறையிலிட்டு, காற்றுப் புகாத பெட்டியில், ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொட்டலத்துடன் வைத்தல் நன்று.

மூன்றாம் பகை நம் கைகளே. குறுந்தட்டைப் பளபளக்கும் பக்கம் தரையில் படாதவாறு கவிழ்த்து வைப்பார் பலர். உண்மையில், மேற்பக்கத்தில் ஆழ்ந்த கீறல் விழுந்தால் கேடு மிகுதி. எழுத்தைத் தாங்கும் சாயமும் உலோகமும் அம்மெல்லிய காப்புப் பூச்சின் கீழேயே உள்ளன. ஆகவே, அதன்மேல் பந்துமுனைப் பேனாவால் எழுதலாகாது, தாள் ஒட்டலாகாது. மென்முனைப் பேனாவால் மைய வளையத்தில் மட்டும் எழுதுக. துடைக்கும்போது வட்டமாகத் துடையாமல், மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாக விழும் கீறல் கோட்டின் வழியே ஓடித் தொடர்ச்சியான எண்களை அழித்துவிடும்.

தட்டு மட்டும் போதுமா?

போதாது. தட்டு நன்றாயிருப்பினும் அதனைப் படிக்கும் கருவி வேண்டுமன்றோ? புதிய மடிக்கணினிகள் பலவற்றில் தட்டு இடும் வாயிலே இல்லை. எழுதத்தக்க நீலக்கதிர்த் தட்டுகளின் உற்பத்தியைச் சோனி நிறுவனம் 2025 ஆம் ஆண்டு பிப்ரவரியில் நிறுத்திக்கொண்டது. வீட்டிலுள்ள பழைய தட்டுகளை இப்போதே படித்து, வேறிடத்திற்கு மாற்றிக்கொள்ளுதல் வேண்டும் என்பதையே இது நமக்கு உணர்த்துகின்றது.

கைப்பேசியிலும் விரலியிலும் இருந்தால் போதும் என்று எண்ணுவோரும் உளர். கைப்பேசி ஆற்றில் விழலாம். விரலி தொலைந்து போகலாம். ஆகவே, கணினி அறிந்தோர் ஓர் எளிய விதியைக் கூறுவர்: மூன்று படிகள் வைத்திரு, அவற்றை இரு வேறு வகைப் பொருள்களில் வைத்திரு, ஒன்றையேனும் வேறோர் இடத்தில் வைத்திரு.

இதனை நம் இல்லத்திற்குப் பொருத்துவோம். ஒரு படி வன்தட்டில் இருக்கட்டும். ஒரு படி குறுந்தட்டிலோ டிவிடியிலோ இருக்கட்டும். மற்றொரு படி வெளியூரிலுள்ள மகனிடமோ, உறவினரிடமோ, இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். தட்டில் எழுதி முடித்ததும் திறந்து பார்த்து உறுதி செய்க. ஆண்டுக்கு ஒருமுறை, ஆண்டுத் தேர்வு முடிந்த விடுமுறையில், எல்லாவற்றையும் மீண்டும் திறந்து பார்க்க. குறை தென்பட்டவுடன் புதிய படி எடுக்க. நம் முன்னோர் ஓலைக்குச் செய்ததும் இதுவேயாகும்.

நம் கடமை

மாணவர்களே! தோட்டங்கள் மூடப்பட்டபோது மக்கள் பல ஊர்களுக்குப் பிரிந்து சென்றனர். பழைய நிழற்படம், பால்வெட்டுச் சான்று, பள்ளிச் சான்றிதழ், பாட்டியின் தாலாட்டு ஆகியவை அவர்தம் வாழ்வின் வரலாறு. 1924 ஆம் ஆண்டு முதல் வெளிவந்த தமிழ் நேசன் நாளிதழே 2019 ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. தோட்டத்து மக்களின் கதையை எழுதிவைக்கப் பிறர் வருவர் என்று காத்திருத்தல் தகாது.

இவ்விடுமுறையில் ஒவ்வொரு மாணவரும் தம் தாத்தா, பாட்டியிடம் அமர்ந்து, அவர்தம் தோட்டத்தின் கதையைக் கைப்பேசியில் பதிவு செய்க. அன்றே மூன்று படிகள் எடுக்க. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை.

அத்தாய்க்கு நாங்கள் படங்களை மூன்று தட்டுகளில் எழுதித் தந்தோம். ஒன்றைத் தாம் வைத்துக்கொண்டு, இரண்டை மகள்மார் இருவர்க்கும் அனுப்பினார். விடைபெறும்போது, “இதை அப்போதே யாராவது சொல்லியிருக்கலாமே, ஐயா” என்றார். அதன் பொருட்டே இப்பாடம் எழுதப்பெற்றது.

பயிற்சி வினாக்கள்

1. குறுந்தட்டின் நான்கு அடுக்குகள் யாவை?
2. தட்டை வட்டமாகத் துடைத்தல் ஏன் கூடாது?
3. ஒரு படம் 4 மெகாபைட் எனின், 700 மெகாபைட் தட்டில் எத்தனை படங்கள் அடங்கும்?
4. ஒருவர் மூன்று நாளில் கொணர்ந்த பால் 52 கிலோ. முதல் நாள் 18; மூன்றாம் நாள் 16. அழிந்துபோன இரண்டாம் நாள் கணக்கைக் காண்க.
5. உங்கள் வீட்டில் ஒரே படியாக உள்ள பொருள்களைப் பெற்றோரிடம் கேட்டுப் பட்டியலிடுக.